ஒரு கப் மாவின் எடை

ஒரு கப் மாவு எத்தனை கிராம் என்று கேட்டால் ஓர் எண்ணைச் சொல்லி முடித்துவிடலாம் என்று நினைப்பவர்களோடு எனக்கு நெடுநாளாக ஒரு வழக்கு இருக்கிறது. அந்தக் கேள்வியைத் தேடுபொறியில் இட்டால் 120 என்று ஓர் அட்டவணை சொல்லும், 125 என்று இன்னொன்று சொல்லும், 140 என்றும் 150 என்றும் அடித்துச் சொல்லும் அட்டவணைகளும் வரும். எல்லாம் ஒரே வெள்ளைக் கோதுமை மாவைப் பற்றியவைதாம். எண்கள் ஒத்துப்போகாததைக்கூட நான் பொறுத்துக்கொள்வேன். அதே அட்டவணையில், அதே நிரலில், தண்ணீருக்கு நேராக 240 என்று எழுதியிருக்கிறார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. 240 மில்லி லிட்டர் தண்ணீர் யார் ஊற்றினாலும், எந்தப் பாத்திரத்தில் ஊற்றினாலும் 240 கிராம்தான்; சமையலறை வெப்பநிலையில் அதில் அரை கிராம் குறைந்தால் உண்டு. மாவுக்கு எழுதிய 120 அப்படிப்பட்ட எண் அன்று. யாரோ ஒருவர் தம் வழக்கப்படி ஒரு கப்பை நிரப்பித் தராசில் வைத்தபோது காட்டிய எடை அது. இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சிடும்போது படிப்பவருக்கு அந்த வேறுபாடு மறைந்துபோகிறது.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் என் தங்கையோடு நடந்த ஓர் உரையாடல். நாங்கள் இருவரும் ஒரே ரொட்டிக் குறிப்பை வைத்துக்கொண்டிருந்தோம்: நான்கு கப் மாவு, ஒன்றரைக் கப் தண்ணீர், சிறிது ஈஸ்ட், உப்பு. எனக்கு மாவு இறுகித் திரண்டு வரும். பிசைந்து முடிப்பதற்குள் தோள் வலிக்கும். அவளுக்கோ நேர்மாறாக இருந்தது. “அக்கா, அளவெல்லாம் சரியாத்தான் போட்டேன், மாவு கையை விட்டு வரவே மாட்டேங்குது” என்று அவள் சொல்லும்போதெல்லாம் தண்ணீரைச் சற்றுக் கூட ஊற்றியிருப்பாள் என்று நானும், நான் குறைத்து ஊற்றியிருப்பேன் என்று அவளும் எண்ணிக்கொண்டோம். மாவு நிறுவனம் வேறு, தட்பவெப்பம் வேறு என்றெல்லாம் காரணம் தேடினோம். மாவின் ஈரப்பதம் இடத்துக்கு இடம் மாறும் என்பது உண்மைதான். ஆனால் அது மொத்த எடையில் ஒருசில சதவீதத்துக்குள் அடங்கிவிடும். கையில் ஒட்டும் மாவுக்கும் தோளை வலிக்கச் செய்யும் மாவுக்கும் இடையிலுள்ள தூரத்தை அந்த ஒருசில சதவீதத்தால் விளக்கவே முடியாது.

ஒரு விடுமுறையில் அவள் என் வீட்டுக்கு வந்திருந்தபோது, ஒரே பையிலிருந்து, ஒரே 240 மில்லி லிட்டர் கப்பில், ஆளுக்கொரு கப் மாவு அளந்து தராசில் வைத்தோம். அவள் முதலில் பைக்குள் கரண்டியை விட்டு மாவைக் கிளறிவிட்டாள். பிறகு கரண்டி கரண்டியாக எடுத்துக் கப்பின் மேலிருந்து தூவினாள். குவிந்து நின்றதைக் கத்தியின் முதுகால் வழித்துச் சமமாக்கினாள். தராசு 121 காட்டியது. நான் எப்போதும் செய்வதுபோல் கப்பையே பைக்குள் அமிழ்த்தி, பையின் பக்கவாட்டில் ஒருமுறை அழுத்தி எடுத்து, அதே கத்தியால் அதே விதமாக வழித்தேன். 149. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு கப்புகளுக்கும் வேறுபாடே இல்லை; இரண்டும் விளிம்பு வரை நிறைந்து, மேற்பரப்பு தட்டையாக இருந்தன. இருவர் செய்ததும் சமையல் நூல்கள் அங்கீகரிக்கும் முறைதான். அவள் தூவிய கப்பை மேசைமேல் மெல்லத் தட்டியபோது மாவின் மட்டம் எங்கள் கண்முன்னே கீழே இறங்கியது. ஒரு துளி மாவும் வெளியே போகவில்லை. ஆனாலும் இப்போது அது ஒரு கப் இல்லை.

நான்கு கப்பாகக் கணக்கிட்டால் அவள் போட்ட மாவு 484 கிராம், நான் போட்டது 596 கிராம். தண்ணீர் இருவருக்கும் 360 கிராம். ரொட்டி செய்பவர்கள் மாவை நூறாக வைத்து மற்ற எல்லாவற்றையும் அதன் சதவீதமாகச் சொல்வார்கள். அந்தக் கணக்கில் அவளுடைய தண்ணீர் 74 சதவீதம், என்னுடையது 60 சதவீதம். எழுபதுக்கு மேல் போனால் மாவு தளர்ந்து, ஒட்டி, உள்ளே பெரிய துளைகளோடு வேகும். அறுபதில் இறுகி, நெருக்கமான உள்ளமைப்போடு வரும். நாங்கள் வெவ்வேறு ரொட்டிகளைச் செய்துகொண்டிருந்தோம். குறிப்பு மட்டும் ஒன்றாக இருந்தது. அன்றிலிருந்துதான் கப்பைக் கிராமாக மாற்றுவதை வெறும் பெருக்கல் கணக்காக என்னால் பார்க்க முடியாமல் போயிற்று.

கப்புக்குள் இருக்கும் காற்று

மாவு மட்டும் ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்று கேட்டால், கப்புக்குள் இருப்பது மாவும் காற்றும் கலந்த ஒன்று என்பதிலிருந்து தொடங்க வேண்டும். மாவுத்துகள் ஒன்றின் அடர்த்தி தண்ணீரைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. இடைவெளியே இல்லாமல் நிரப்ப முடிந்தால் ஒரு கப் மாவு 350 கிராமுக்குக் குறையாது. நம் கைக்கு வருவதோ 121 அல்லது 149. அதாவது தூவி அளந்த கப்பில் மூன்றில் இரண்டு பங்கு இடத்தில் காற்றுதான் இருக்கிறது. அமிழ்த்தி எடுத்த கப்பிலும் பாதிக்கு மேல் காற்று. அளவு எழுதியவர் எவ்வளவு காற்றை உள்ளே விட்டார் என்பதை அவர் எழுதிய ‘ஒரு கப்’ சொல்வதில்லை.

சர்க்கரைப் படிகங்களுக்கு இந்தச் சிக்கல் மிகக் குறைவு. ஒரு கப் வெள்ளைச் சர்க்கரை எந்த அட்டவணையிலும் 200 கிராமை ஒட்டியே இருக்கும். என் கையும் தங்கையின் கையும் இதில் அதிகம் விலகவில்லை. சர்க்கரைப் படிகத்தின் அடர்த்தி 1.59. கணக்கிட்டால் கப்பின் கொள்ளளவில் பாதிக்குச் சற்று மேல் சர்க்கரை, மீதி காற்று. மாவைவிட நெருக்கம்தான் என்றாலும், அதைவிட முக்கியமானது அந்த நெருக்கம் எளிதில் மாறுவதில்லை என்பது. படிகம் பெரியது, கனமானது. கொட்டியவுடன் ஒன்றன்மேல் ஒன்று உருண்டு தன் இடத்தைத் தேடிக்கொண்டு அமர்ந்துவிடும். மாவுத்துகள் மிகச் சிறியது. அந்த அளவில் துகளின் எடையைவிடத் துகளுக்கும் துகளுக்கும் இடையிலான ஈர்ப்பு வலுவாகிவிடுகிறது. எனவே விழுந்த இடத்திலேயே பக்கத்துத் துகளைப் பற்றிக்கொண்டு, அடியில் வெற்றிடம் இருந்தாலும் சரியாமல் நின்றுவிடும். தட்டினால், அழுத்தினால் அந்தப் பிடி உடைந்து இறங்கும். கோகோ தூள், பொடித்த சர்க்கரை, சோள மாவு ஆகிய நுண்ணிய பொடிகளெல்லாம் மாவின் குணம் கொண்டவை. அரிசி, வெள்ளைச் சர்க்கரை, தூள் உப்பு ஆகியவை படிகத்தின் பக்கம். அட்டவணையில் எந்த வரியை நம்பலாம், எதை ஐயத்தோடு பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் எனக்குத் தெரியவில்லை.

உருண்டைகளை எவ்வளவு நெருக்கமாக அடுக்க முடியும் என்பது கணிதத்திலேயே பழைய கேள்வி. ஒரே அளவான உருண்டைகளை மிகச் சிறப்பாக அடுக்கினாலும் இடத்தில் 74 சதவீதத்தைத்தான் நிரப்பலாம் என்று கெப்ளர் 1611இல் சொன்னார். தாமஸ் ஹேல்ஸ் அதற்கான நிறுவலை 1998இல்தான் முன்வைத்தார். அடுக்காமல் கொட்டிக் குலுக்கினால் 64 சதவீதத்தோடு நின்றுவிடும். ஒழுங்கான உருண்டைக்கே இந்த நிலை என்றால், உருவமே சீரில்லாத மாவுக்கு நிலையான ஓர் எண்ணை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

கப்பையும் கரண்டியையும் விளிம்போடு வழித்துச் சமமாக அளக்க வேண்டும் என்பதை அமெரிக்கச் சமையலில் நிலைநிறுத்தியவர் ஃபேனி ஃபார்மர். அவருடைய சமையல் நூல் 1896இல் வெளிவந்தது. அதற்கு முன் குவியலாகவும் தோராயமாகவும் எழுதப்பட்ட அளவுகளை நினைத்தால் அது எத்தனை பெரிய முன்னேற்றம் என்பது புரியும். அவர்மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் வழிப்பது கப்பின் மேற்பரப்பைத்தான் சீராக்கும். விளிம்புக்குக் கீழே நடப்பதை அதனால் கட்டுப்படுத்த முடியாது.

உப்பில் இது நாவுக்கே தெரிந்துவிடும். நுண்ணிய தூள் உப்பு ஒரு தேக்கரண்டி ஏறத்தாழ 6 கிராம். மெல்லிய செதில்களாக வரும் உப்பு அதே தேக்கரண்டியில் 3 கிராம் அளவுக்குக்கூட இறங்கிவிடும். இரண்டும் ஒரே சோடியம் குளோரைடுதான். செதில்கள் நெருங்கி அமர முடியாததால் காற்று கூடுகிறது. செதில் உப்பை வைத்து ‘இரண்டு தேக்கரண்டி’ என்று எழுதியவரின் குறிப்பைத் தூள் உப்பால் செய்தால் உப்பு இரட்டிப்பாகும். 500 கிராம் மாவுக்கு 2 சதவீதம், அதாவது 10 கிராம் உப்பு என்று எழுதிவிட்டால் எந்த உப்பானாலும் கவலை இல்லை.

எந்தக் கப், எந்த அவுன்ஸ்

கையின் வேறுபாட்டுக்கு மேல் கப்பின் வேறுபாடும் சேர்கிறது. அமெரிக்கக் கப் 236.6 மில்லி லிட்டர். அந்நாட்டின் ஊட்டச்சத்துச் சீட்டுகளில் அதை 240 ஆக வைத்துக்கொள்கிறார்கள். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் கப் 250. ஜப்பானில் சமையல் கப் 200. குறிப்பு முழுவதும் கப்பிலேயே இருந்தால் இந்த வேறுபாட்டால் பெரிய தீங்கு இல்லை. விகிதம் காப்பாற்றப்படும், செய்யும் அளவு மட்டும் கூடும் குறையும். அரிசிக்கும் தண்ணீருக்கும் எந்தக் குவளையை எடுத்தாலும் சரியாக வருவது இதனால்தான். கப்பில் அளக்காத ஒன்று குறிப்புக்குள் வரும்போதுதான் விகிதம் கெடுகிறது. மூன்று முட்டை எந்த நாட்டிலும் மூன்று முட்டைதான். 250 கப்பில் எழுதிய கேக்கை 200 கப்பில் அளந்தால் மாவும் சர்க்கரையும் ஐந்தில் ஒரு பங்கு குறையும், முட்டை அப்படியே இருக்கும். ரைஸ் குக்கரோடு வரும் குவளையும் இந்த வகைதான்; அது பெரும்பாலும் 180 மில்லி லிட்டர். பாத்திரத்தின் உள்ளே குறித்திருக்கும் தண்ணீர்க் கோடுகள் அந்தக் குவளைக்கு உரியவை. 240 கப்பில் அரிசியை அளந்துவிட்டுக் கோட்டை நம்பினால் அரிசி மூன்றில் ஒரு பங்கு கூடியிருக்கும், தண்ணீர் பற்றாது.

மேசைக்கரண்டி பெரும்பாலான இடங்களில் 15 மில்லி லிட்டர், ஆஸ்திரேலியாவில் 20. அவுன்ஸில் இன்னொரு சிக்கல்: எடை அவுன்ஸ் 28.35 கிராம், நீர்ம அவுன்ஸ் கொள்ளளவு. 1824இல் பிரிட்டன் தன் கேலனை 10 பவுண்டு தண்ணீரின் கொள்ளளவாக வரையறுத்ததால் அங்கே ஒரு நீர்ம அவுன்ஸ் தண்ணீரின் எடை ஓர் அவுன்ஸ். அமெரிக்கா அதற்கு முந்தைய 231 கன அங்குல கேலனை வைத்துக்கொண்டதால் அதன் நீர்ம அவுன்ஸ் சற்றுப் பெரியது, 29.57 மில்லி லிட்டர். தண்ணீருக்கு இந்த நான்கு சதவீதத்தைப் பொருட்படுத்தத் தேவையில்லை. ஆனால் ‘ஒரு கப் 8 அவுன்ஸ்’ என்று படித்துவிட்டு 8 அவுன்ஸ் மாவைத் தராசில் நிறுத்தால் 227 கிராம் வந்துவிடும். அது இரண்டு கப்புக்குக் கிட்டத்தட்டச் சமம்.

நீர்மங்கள்

நீர்மங்களுக்கு நடுவில் காற்று இல்லாததால் மாற்றம் நேர்மையாக இருக்கும். அடர்த்தியால் பெருக்கினால் போதும். 240 மில்லி லிட்டர் பால் 247 கிராம், சமையல் எண்ணெய் 220 கிராம், தேன் 340 கிராம். பாலைத் தண்ணீராகவே எண்ணிக்கொள்ளலாம், எண்ணெயில் எட்டு சதவீதம் குறைத்துக்கொள்ளலாம். தேனிலும் பாகுகளிலும் மட்டும் மில்லி லிட்டரும் கிராமும் ஒன்றே என்ற நினைப்பு காலை வாரிவிடும். 100 மில்லி லிட்டர் தேன் கேட்கும் குறிப்புக்கு 100 கிராம் நிறுத்து ஊற்றினால் தேவையானதில் பத்தில் மூன்று பங்கு குறைந்துவிடும். அதே நேரத்தில் தேனைக் கப்பில் அளப்பதும் தொல்லை. உட்சுவரில் ஒட்டியது எவ்வளவு என்பது தெரியாது. கிண்ணத்தைத் தராசில் வைத்துச் சுழியமாக்கிவிட்டு நேராக உள்ளே ஊற்றினால் கழுவ வேண்டிய பாத்திரமும் ஒன்று குறையும்.

மாற்றும் முறை

இனி, கப்பில் எழுதிய குறிப்பைக் கிராமுக்கு மாற்ற வேண்டுமானால் என்ன செய்யலாம் என்பதற்கு வருகிறேன். நான் முதலில் எழுதியவர் எந்த நாட்டுக் கப்பில் எழுதினார், தூவி அளப்பவரா அமிழ்த்தி அளப்பவரா என்று தேடுவேன். பலர் நூலின் முன்பகுதியில் இதைச் சொல்லியிருப்பார்கள். யாரும் அந்தப் பக்கத்தைப் படிப்பதில்லை. சொல்லவில்லை என்றால் குறிப்பின் உள்ளிருந்தே துப்பு எடுக்கலாம். ரொட்டி மாவு கையில் ஒட்டாமல் வரும் என்று எழுதியிருக்கிறார், தண்ணீர் ஒன்றரைக் கப் என்கிறார் என்றால், நான்கு கப் மாவு 480 கிராமாக இருக்க வாய்ப்பு குறைவு. அவர் கனமாக அளப்பவர். இப்படி ஓர் எண்ணைத் தேர்ந்து, தண்ணீரில் ஒரு பங்கைக் கையில் நிறுத்திவைத்துக்கொண்டு பிசைந்து, சரியான பதம் வந்த இடத்தில் எவ்வளவு மாவு, எவ்வளவு தண்ணீர் சேர்ந்திருக்கிறது என்பதைக் கிராமில் ஓரத்தில் எழுதிவிடுவேன். அந்தக் குறிப்புக்கு அதன்பின் எந்த அட்டவணையும் தேவைப்படுவதில்லை.

எல்லாவற்றையும் தராசில் ஏற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒரு கிராம் நுட்பமுள்ள வீட்டுத் தராசு 3 என்று காட்டும்போது உள்ளே இருப்பது இரண்டரையாகவும் இருக்கலாம், மூன்றரையாகவும் இருக்கலாம். ஒரு தேக்கரண்டி உடனடி ஈஸ்ட் ஏறத்தாழ 3 கிராம்தான்; அங்கே வழித்து அளந்த தேக்கரண்டி தராசைவிட நம்பகமானது. எடையிலேயே வேண்டுமென்றால் 12 கிராம் நிறுத்துத் தாளில் பரப்பி நான்காகப் பிரிப்பது நல்லது. நறுக்கிய பொருள்களில் நிலைமை நேர்மாறு. ஒரு கப் முழுப் பாதாமும் நறுக்கிய பாதாம் ஒரு கப்பும் ஒரே எடை அல்ல. நறுக்கிய துண்டின் பருமனைப் பொறுத்து அதுவும் மாறும். காய்கறிக்கும் கீரைக்கும் கப் கணக்கு எழுதுவதை நிறுத்தினாலே நன்று.

தராசே இல்லாதவர்கள் கிராமில் எழுதிய குறிப்பைச் செய்ய வேண்டியிருந்தால், மாவைக் கிளறித் தூவி அளந்து 240 மில்லி லிட்டர் கப்புக்கு 120 என்று வைத்துக்கொள்ளலாம். அந்த முறையில்தான் கைக்குக் கை வேறுபாடு மிகக் குறைவு. இதைவிட நல்ல வழியும் உண்டு. பொட்டலத்தில் அச்சிட்ட எடை ஒரு தராசு நிறுத்த எடைதான். 500 கிராம் வெண்ணெய்க் கட்டியின் நீளத்தை அளவுகோலால் ஐந்தாகப் பிரித்தால் 100 கிராம் கிடைத்துவிடும்.

பாதி தீர்ந்த, உருக்குலைந்த வெண்ணெய்க் கட்டி என்றால் கோடு போட்ட அளவுக் குடுவை போதும். அதில் 200 வரை குளிர்ந்த தண்ணீர் எடுத்து, வெண்ணெய்த் துண்டுகளை ஒவ்வொன்றாக இட்டு, தண்ணீர் மட்டம் 300க்கு வரும்போது நிறுத்துங்கள். உள்ளே மிதப்பது 100 கிராம் வெண்ணெய். மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான தண்ணீரை விலக்கும் என்று ஆர்க்கிமிடீஸ் கண்டதால், தண்ணீர் ஏறிய மில்லி லிட்டரே வெண்ணெயின் கிராம். வெண்ணெயின் அடர்த்தியைத் தெரிந்திருக்க வேண்டியதே இல்லை. விரலால் அதை நீருக்கடியில் அமிழ்த்திவிட்டால் கணக்கு மாறும்: மட்டம் ஏறத்தாழ 310க்குப் போகும், அது எடையல்ல, கொள்ளளவு. துண்டுகள் குடுவையின் சுவரில் ஒட்டாமல் தாமாக மிதக்க வேண்டும், கோட்டைக் கண்மட்டத்தில் வைத்துப் படிக்க வேண்டும். பிறகு தண்ணீரை வடித்து, வெண்ணெயைத் துணியில் ஒற்றி எடுத்துக்கொள்ளலாம்.